பூசானில் ஒரு வாரம், அறைக்கு வெளியே

திங்கள்

தென் கொரியாவின் துறைமுக நகரமான பூசானுக்கு ஆய்வக வேலைக்கு வந்த என்னிடம் ஊரில் இருந்து பேசுகிறவர்கள் கேட்பது மூன்றே கேள்விகள்: வேலை எப்படி, குளிர் எப்படி, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய்? பொழுது எப்படிப் போகிறது என்று கேட்பவர் இல்லை. எனக்கோ அதைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது. சரி, இந்த வாரம் முழுக்க இரவு படுக்கும் முன் அன்றன்றைய கதையை எழுதிவிடுவது என்று முடிவு. ஆய்வக வேலை பற்றி அதிகம் இருக்காது, பயப்பட வேண்டாம்.

முதலில் அறை. ஒன்-ரூம் என்றுதான் கொரியர்களும் சொல்கிறார்கள். கட்டில், அடுப்பு, வாஷிங் மெஷின், மேசை எல்லாம் ஒரே அறைக்குள். கதவைத் திறந்தால் நேரே கட்டில். சென்னையில் அட்வான்ஸ் கொடுப்பது போல இங்கேயும் முன்பணம் உண்டு, தொகைதான் பெரியது. காலி செய்யும்போது திரும்பி வரும். மாணவர்கள், தனியாக இருந்து வேலைக்குப் போகிறவர்கள் என்று ஏகப்பட்ட பேருக்கு இதுதான் வீடு. இதற்குள் விருந்தாளி வந்தால் எங்கே உட்காருவார்? அதனால் யாரும் யாரையும் அறைக்கு அழைப்பதில்லை. நம் வீடுகளில் கூடம், திண்ணை, மொட்டை மாடி என்று சேர்ந்து இருப்பவற்றை இந்த ஊர் தனித்தனியாகப் பிரித்துத் தெருவில் வைத்திருக்கிறது. சிலவற்றுக்குக் கட்டணம், சில இலவசம்.

இலவசமானது ஒன்சொன்சொன் ஓடை. கும்ஜொங் மலையில் இருந்து இறங்கி, நான் இருக்கும் ஜாங்ஜொன் பகுதி வழியாக ஓடி சுயொங் ஆற்றில் சேர்கிறது. ஓடைக்கு மேலே தூண்களில் மெட்ரோ முதலாம் தடம் போகிறது. கீழே இரு கரையிலும் நடைபாதை, சைக்கிள் பாதை, நடுவில் தண்ணீரைத் தாண்ட படிக்கற்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பாதி ஊர் இங்கே இறங்கிவிடுகிறது. முகத்தை முழுக்க மூடும் கறுப்புக் கண்ணாடித் தொப்பி போட்ட பெண்கள், கையை முன்னும் பின்னும் பலமாக வீசிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகிறார்கள். அவர்களில் பலருக்கு என் அம்மா வயது. நான் தோற்றுக்கொண்டே நடக்கிறேன். ரயில் பாலத்தின் நிழலில் தாத்தாக்கள் ஜாங்கி ஆடுகிறார்கள். அது கொரியச் சதுரங்கம். ஆடுபவர் இருவர் என்றால் யோசனை சொல்பவர் நால்வர். இந்த விகிதம் உலகம் பூராவும் மாறாது போல.

பாதை ஓரமாக உடற்பயிற்சிக் கருவிகள். இடுப்பைத் திருப்ப ஒன்று, காலை வீச ஒன்று, முதுகை வளைக்க ஒன்று. காசு கிடையாது, காவலாள் கிடையாது, ஒன்றுகூட உடைந்து தொங்கவில்லை. ஒரு கொக்கு தண்ணீரில் நின்றுகொண்டு இத்தனை பேரையும் சட்டை செய்யாமல் மீன் பார்த்துக்கொண்டிருந்தது.

அறைக்குத் திரும்பி, குப்பை. கொரியாவில் குப்பை போடுவது ஒரு படிப்பு. பொதுக் குப்பைக்கு அந்தந்த மாவட்டம் விற்கும் பையைத்தான் வாங்க வேண்டும். பையின் விலையிலேயே கட்டணம் அடக்கம். 1995இல் இருந்து நாடு முழுக்க இதுதான் முறை. குறைவாகப் போட்டால் குறைவாகச் செலவு. உணவுக் கழிவுக்குத் தனித் தொட்டி. ஆனால் எலும்பு, முட்டை ஓடு, சிப்பி ஓடு எல்லாம் உணவுக் கழிவு இல்லை, பொதுப் பையில் போக வேண்டும். மிருகம் தின்ன முடியுமா என்று யோசித்துப் பார் என்று வீட்டுக்கார அம்மா ஒரே வரியில் பாடம் முடித்துவிட்டார். வாரக் கடைசியில் மாங்காய்க் குழம்பு வைத்திருந்தேன். கொட்டை பொதுப் பையில், தோல் தொட்டியில்.

செவ்வாய்

மதியம் துவேஜி குக்பாப். பன்றி எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்து எடுத்த வெள்ளைச் சாறு, அதற்குள் சோறும் மெல்லிசாக நறுக்கிய இறைச்சியும். உப்புச் சேர்க்காமலே கொண்டுவந்து வைப்பார்கள். மேசையில் உப்பில் ஊறிய பொடி இறால் ஒரு கிண்ணம், மிளகாய்த்தூளில் பிசறிய பூச்சு இலை ஒரு கிண்ணம். பூச்சு என்பது வெங்காயத்தாளை ஒல்லியாக்கியது போல இருக்கும், லேசான பூண்டு வாசம் அடிக்கும். இறாலைக் கொஞ்சம், இலையை நிறையப் போட்டுக் கலக்க வேண்டும். தூத்துக்குடிக்காரனுக்கு அந்த இறால் வாசம் பழகியதுதான். விலை 10,000 வொன் அளவில், நம் காசுக்கு அறுநூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்ச் சாப்பாட்டைக் கிளறினால் அடியில் போர்தான் வருகிறது. 1950இல் கொரியப் போர் தொடங்கியதும் தலைநகரே பூசானுக்கு வந்தது. நாட்டின் மற்ற இடங்களில் இருந்து வந்த அகதிகள் மலைச்சரிவுகளில் தகரமும் பலகையும் வைத்துக் குடியேறினார்கள். மலிவாகக் கிடைத்த எலும்பில் பசியாறிய கதை குக்பாப்புக்கு. வடக்கில் பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்த குளிர் நூடுல்ஸைச் சாப்பிட்டுப் பழகியவர்கள், இங்கே அந்த மாவு கிடைக்காமல், உதவியாக வந்த கோதுமை மாவில் செய்தது மில்ம்யொன். இரண்டில் எது என்று கேட்டால், மே மாதத்துக்குப் பிறகு நான் மில்ம்யொன் கட்சி. பனிக்கட்டி மிதக்கும் சாற்றில் கடுகுச் சாந்தும் வினிகரும் விட்டு ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் மூக்கு திறக்கும்.

இரவு எட்டு மணிக்கு ஆய்வகத்து இளசுகள் இரண்டு பேர், "பாக்சாநிம், பாடலாமா?" என்று வந்து நின்றார்கள். முனைவர் பட்டம் வாங்கியவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பல்கலைக்கழக வாசலில் இருந்து மெட்ரோ நிலையம் வரையுள்ள தெருவில் நாணயம் போட்டுப் பாடும் நோரேபாங், அதாவது பாட்டு அறை, வரிசையாக இருக்கிறது. கொரியாவில் நோரேபாங் முதலில் தொடங்கியதே பூசானில்தான், 1991இல். ஜப்பானில் இருந்து கரோக்கே கப்பல் வழியாக வந்து இறங்கிய இடம் துறைமுக நகரமாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

இரண்டு பேர் நிற்கலாம், மூன்று பேர் இடித்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான் அறை. ஆயிரம் வொன் நோட்டை உள்ளே விட்டால் சில பாட்டு. கடையில் ஆளே இல்லை. மைக்குக்கு மாட்ட ஒரு காகித உறை, சுவரில் மின்னும் விளக்கு, ஓர் இருக்கை. ஆய்வகத்தில் வாயே திறக்காத பையன் இங்கே கண்ணை மூடிக்கொண்டு உச்சஸ்தாயியில் அலறினான். முடிந்ததும் இயந்திரம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டது. பட்டியலில் வியட்நாம் பாட்டு உண்டு, பிலிப்பைன்ஸ் பாட்டு உண்டு, தமிழ் இல்லை. போனில் இசையை ஓட விட்டு, மைக்கை மட்டும் பயன்படுத்திப் பாடினேன். அதற்கு மதிப்பெண் கிடையாது. பாட்டு புரியாமலே கூட வந்த இன்னொரு மாணவி கஞ்சிரா மாதிரி இருந்த ஒன்றை எடுத்துத் தாளம் போட்டாள், அதுவும் சரியான இடத்தில்.

புதன்

மழை. ஓடைக்கு இறங்கும் வழிகளை எல்லாம் அடைத்துவிட்டார்கள். மலையில் பெய்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பாதைக்கு ஏறிவிடும் என்பதால் மழை வலுத்தாலே கதவு விழுந்துவிடும்.

தோள்பட்டை வலிக்கு ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போனேன். முன்பதிவு வேண்டாம், அடையாள அட்டையை நீட்டினால் போதும். ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று 2019 ஜூலையில் இருந்து விதி. மாதா மாதம் பணம் போகும்போது முணுமுணுத்தாலும் இப்படிப்பட்ட நாளில் அதன் அருமை தெரிகிறது. ஒரு விஷயம்: நமக்குக் குடும்பப் பெயர் கிடையாதே, அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருக்கிறோமே, நர்ஸ் சத்தமாகக் கூப்பிடுவது என் அப்பாவை. பல் டாக்டர் என்றாலே ஓடிவிடும் அவர் பெயர் பூசானின் எல்லா மருத்துவமனைகளிலும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

டாக்டர் மூன்று நிமிடம். அப்புறம் பிசியோதெரபி அறையில் சூடான ஒத்தடம், மின்சாரச் சுருக்கு. பக்கத்துக் கட்டில்களில் எல்லாம் பாட்டிமார். திரைச்சீலைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் ஓயாத பேச்சு. யார் பேரன் பட்டாளத்துக்குப் போனான், எந்தக் கடையில் வெங்காயம் மலிவு. வலி பாதி, பேச்சு பாதி என்றுதான் வருகிறார்கள். பில் சில ஆயிரம் வொன்தான். இந்தக் காசுக்கு வேறெங்கே இவ்வளவு நேரம் படுத்துக்கொண்டு கதை பேச முடியும்?

வியாழன்

நேற்றைய ஒத்தடத்தின் தொடர்ச்சியாக இன்று வெந்நீர். ஒன்சொன்ஜாங் எனக்கு இரண்டே நிறுத்தம். பழங்காலக் கொரியாவின் சில்லா அரசர்கள் காலத்தில் இருந்தே பேர்போன தொங்னே வெந்நீர் ஊற்று அங்கேதான். தெருவோரத்தில் காலை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார இலவசத் தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். முழுக்குளியலுக்குப் பொதுக் குளியலகம், பழையது, புதியது, மிகப் பெரியது என்று பல. நான் போவது பழையதும் சிறியதுமான ஒன்று.

ஆடை ஒன்றும் கூடாது. இதைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள், ஆனால் உள்ளே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பெட்டிச் சாவியைக் கணுக்காலில் மாட்டிக்கொண்டு, முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். இதில் மட்டும் சமரசம் இல்லை. குளிக்காமல் இறங்கினால் எந்தத் தாத்தாவும் சத்தம் போடுவார். தொட்டிக்கு மேலே வெப்பநிலை சிவப்பு எழுத்தில் ஓடும்: 39, 42. நாற்பத்திரண்டில் கழுத்து வரை இறங்கிக் கண்ணை மூடிக்கொண்டிருப்பவர்களை நான் மதிக்கிறேன். பின்தொடர்வதில்லை.

ஊறிய பிறகு அழுக்குத் தேய்ப்பு. அதற்கு இத்தாலி டவல் என்று சொரசொரப்பான பச்சைத் துணியுறை. பேர்தான் இத்தாலி, 1960களில் பிறந்தது பூசானில். கை, கால், வயிறு எல்லாம் சரி, முதுகுக்கு என்ன செய்வது? சியோலில் காசு கொடுத்தால் தேய்த்துவிட ஆள் உண்டு. பூசானிலும் சுற்றுவட்டாரத்திலும் அதோடு ஓர் இயந்திரமும் உண்டு. சியோல்காரர்கள் பலர் இதைப் பார்த்ததே இல்லை. சுவரோடு நிற்கும் ஒரு தூண். அதில் தட்டு அளவுக்கு ஒரு வட்டம், அதன் மேல் அதே பச்சைத் துணி. முன்னால் முக்காலி. உங்கள் துணியை நன்றாக அலசி மாட்டி, பொத்தானை அழுத்தினால் வட்டம் கர்ரென்று சுழலும். முதுகைக் கொடுக்க வேண்டியதுதான். இயந்திரம் இருந்த இடத்தில் நிற்கும். எந்த இடம் தேய வேண்டுமோ அதற்கேற்ப நாம்தான் ஏறி, இறங்கி, சாய்ந்து நெளிய வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் எழுபதைத் தாண்டியவர். முழங்காலை மடக்கி, இடுப்பை ஒடித்து, தோளைச் சுழற்றி, கண்ணை மூடியபடி நிதானமாக முழு முதுகையும் முடித்தார். எழுந்து போகும்போது வட்டத்தின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"எந்த நாடு?"

"இந்தியா, ஐயா."

"சூடு அங்கே இதைவிட அதிகமா?" என்று தொட்டியைக் காட்டினார். மே மாதத்தில் கிட்டத்தட்ட அதேதான் என்றேன். வாய்விட்டுச் சிரித்தார்.

வெளியே வந்து வாழைப்பழப் பால். 1974இல் இருந்து விற்கும், பானை வயிறு போன்ற குட்டி பிளாஸ்டிக் புட்டியில். குளியலுக்குப் பின் இதைக் குடிப்பது அப்பா பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்கும் சடங்கு. எனக்கு அந்தத் தித்திப்பு ஆகாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் வாங்குகிறேன்.

வெள்ளி

சாஜிக் மைதானம், பேஸ்பால் பார்க்க. யொன்சானில் மூன்றாம் தடத்துக்கு மாறி இரண்டு மூன்று நிறுத்தம். ரயிலிலேயே பூசான் அணியான லோத்தே ஜயண்ட்ஸின் சட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன.

டிக்கெட் வாங்கிய கதையை முதலில் கொட்டிவிடுகிறேன். இணையத்தில் எதை வாங்கினாலும் போன் எண் வழியாக நீ நீதானா என்று உறுதிசெய்யச் சொல்வார்கள். போன் நிறுவனத்தில் என் பெயர் இடைவெளியோடு, வங்கியில் இடைவெளி இல்லாமல், அடையாள அட்டையில் அப்பா பெயர் முன்னால். மூன்றும் பொருந்தாதவரை அந்தத் தளத்துக்கு நான் இல்லவே இல்லை. கடைசியில் செவ்வாய்க்கிழமை அலறிய பையன் தன் கணக்கில் எடுத்துக்கொடுத்தான். இத்தனை வெளிநாட்டு மாணவர்களை வரவழைக்கும் நாடு, பெயரில் மூன்று எழுத்துக்கு மேல் இருக்கலாம் என்பதை ஒருநாள் ஏற்றுக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

வாசலில் சொய் தொங்-வொனின் சிலை. பந்து வீசும் கோலத்தில் இடது காலை உயரத் தூக்கி நிற்கிறார். 1984 இறுதித் தொடரில் அணி வென்ற நான்கு ஆட்டங்களும் இந்த ஒரே வீச்சாளர் கணக்கில்தான். 2011இல் காலமானார். ஜயண்ட்ஸ் கோப்பை வென்றது 1984இலும் 1992இலும் மட்டும்தான். அதற்குப் பின் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருப்பவர்கள் ஒரு கோப்பையையும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் இருபதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் மைதானத்தில் எங்கள் பக்கம் காலி இருக்கை இல்லை.

உள்ளே சாப்பாடு கொண்டுபோகலாம். எல்லோர் கையிலும் பொரித்த கோழிப் பெட்டி, பீர். முன்வரிசைக்கு எதிரே ஒரு மேடை. அதில் விசிலும் வெள்ளைக் கையுறையுமாக ஆதரவுத் தலைவர், பக்கத்தில் பெரிய முரசு. ஒவ்வொரு மட்டையாளருக்கும் தனிப் பாட்டு, தனிக் கை அசைவு. பின்னால் இருந்த அம்மா எனக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். எதிரணி வீச்சாளர் மட்டையாளருக்கு வீசாமல் முதல் தளத்தில் நிற்கும் ஓட்டக்காரரை மடக்கப் பந்தை எறிந்தால், மைதானமே ஒரே குரலில் "மா!" என்று அதட்டும். டேய் என்று நாம் அதட்டுவோமே, அதே தொனி. பக்கத்தில் விழும் பந்தை யாராவது பெரியவர் பிடித்துவிட்டால் அடுத்த கூச்சல் கிளம்பும்: "ஆ ஜூரா!" குழந்தைக்குக் கொடு என்று. பிடித்தவர் ஒரு கணம் பந்தைப் பார்க்கிறார், சுற்றிலும் பார்க்கிறார், அப்புறம் எழுந்து தெரியாத குழந்தை ஒன்றைத் தேடிப் போய்க் கொடுக்கிறார். கொடுக்கும்வரை கூச்சல் நிற்காது. சேப்பாக்கத்தில் இதைக் கொண்டுவந்தால் நடக்குமா என்று யோசித்தேன். நடக்காது. பந்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டுமே!

முன்பெல்லாம் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் குப்பை அள்ள ஆரஞ்சுப் பை கொடுப்பார்களாம். ரசிகர்கள் அதில் காற்று ஊதி, முடிச்சுப் போட்டு, தலையில் கட்டிக்கொண்டு பாடுவார்களாம். மைதானம் முழுக்க ஆரஞ்சு பலூன் தலைகள். பிளாஸ்டிக் கட்டுப்பாட்டில் அது போய்விட்டது. இன்று இரண்டொரு பெரியவர்கள் மட்டும் வீட்டில் இருந்து கொண்டுவந்த பையோடு இருந்தார்கள்.

எட்டாவது இன்னிங்ஸில் முன்னிலையைக் கோட்டைவிட்டுத் தோற்றோம். ("தோற்றோம்" என்று எழுதிவிட்டேன், பாருங்கள்.) ரயில் நிலையத்துக்கு நடக்கும் கூட்டம் அணியைத் திட்டிய திட்டை என் கொரிய வாத்தியார் சொல்லித்தரவில்லை. ஆனால் அடுத்த வரிசையில் இரண்டு பேர் நாளைய ஆட்டத்துக்கு எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று பேசிக்கொண்டு போனார்கள்.

சனி

கியொதேயில் ரயில் மாறி தொங்ஹே தடத்தில் கீஜாங், அங்கிருந்து பஸ்ஸில் தேப்யொன் துறை. நெத்திலிக்காகப் போனேன். வசந்தத்தில் இந்தக் கடற்கரைக்கு வரும் நெத்திலி நம் ஊர் நெத்திலிக்கு அண்ணன். விரல் நீளத்தைத் தாண்டி, உள்ளங்கையை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

மதியத்துக்கு மேல் படகுகள் திரும்புகின்றன. மீன் பிடிப்பதைவிட வலையில் இருந்து எடுப்பது பெரிய வேலை. செவுள் வலை என்பதால் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு மீன் கழுத்து மாட்டிக் கிடக்கிறது. கையால் எடுக்க ஆரம்பித்தால் அடுத்த வசந்தம் வந்துவிடும். அதனால் உதறுகிறார்கள். எண்ணெய்த் துணி உடுப்புப் போட்ட ஏழெட்டு ஆண்கள் வரிசையாக நின்று வலையின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் பதில் குரலோடு வலையைத் தூக்கித் தரைநோக்கி அடிக்கிறார்கள். வெள்ளி வெள்ளியாக மீன் ஆள் உயரத்துக்கு எகிறி விழுகிறது. பல மீனுக்குத் தலை வலையிலேயே நின்றுவிடுகிறது. செதில் முகத்தில், இமையில், பல்லில் எல்லாம் ஒட்டுகிறது. துடைக்கக் கை ஓய்வில்லை. ஒரு அடி அடித்து, ஒரு எட்டு வைத்து, மறுபடி தூக்கி அடித்து, நான் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க ஒருவரும் நிறுத்தவில்லை. கடற்காகங்கள் தலைக்கு மேல். எதிரே மழைக்கோட்டுப் போட்ட புகைப்படக்காரர்கள் ஒரு கூட்டம், பெரிய பெரிய லென்ஸோடு.

வரிசையில் பாதிக்கு மேல் தென்கிழக்காசிய முகங்கள். ஓய்வில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன், இந்தோனேசியா என்றார். பாட்டுக் குரலை எப்படிக் கற்றுக்கொண்டார் என்று கேட்டதற்கு, "குரல் தப்பினால் கை தப்பும்" என்று கொரிய மொழியில் சொல்லிவிட்டுச் சிகரெட்டை அணைத்து எழுந்தார். அந்தக் குரல் சுற்றுலாப் பயணிகளுக்காக இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கரையில் கடை போட்டிருக்கும் அம்மாமார், வாங்கும் நெத்திலியை அங்கேயே தரையில் கொட்டி, மண்வெட்டியால் உப்புக் கலந்து, பீப்பாயில் அடைத்துத் தருகிறார்கள். மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. கோடை முழுக்கப் புளித்து, கார்த்திகை வாக்கில் வீடுகள் மொத்தமாகக் கிம்சி போடும்போது சாறாக இறங்கும். எனக்கு உப்பில்லாமல் பச்சையாக ஒரு கிலோ வேண்டும் என்றதும் அந்த அம்மா சந்தேகமாகப் பார்த்தார். பொரிப்பேன் என்றேன். "பொரிக்கவா? இன்றைக்கே சாப்பிடு, நாளைக்கு ஆகாது" என்று இரண்டு பிடி பனிக்கட்டியோடு, கூடவே ஒரு கை மீனும் சேர்த்துப் போட்டார். துறையிலேயே கொஞ்சம் பச்சை நெத்திலியை மினாரிக் கீரையும் மிளகாய் விழுதும் போட்டுப் பிசைந்து தந்தார்கள், சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நெத்திலிக்கு மோட்சம் மஞ்சள்தூளிலும் மிளகாய்த்தூளிலும்தான். ஜன்னலைத் திறந்துவைத்துப் பொரித்தேன். வாசம் மாடிப்படி வரை போயிருக்கும்.

ஞாயிறு

கறிவேப்பிலைக்காகப் பக்கத்து நகரமான கிம்ஹே. மூன்றாம் தடத்தில் நக்தொங் ஆற்றைத் தாண்டி, தேஜோவில் ஓட்டுநர் இல்லாத குட்டி ரயிலுக்கு மாற வேண்டும். தேஜோவில் நிலையத்துக்கு வெளியே தக்காளி விற்கிறார்கள், இந்த ஊர்த் தக்காளி உவர்ப்பும் இனிப்புமாக இருக்கும். ரசத்துக்கு ஆகாது, அப்படியே கடிக்கத்தான்.

முதலில் பழங்கால அரசர் சுரோவின் கல்லறை. வாசல் வளைவில் ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு மீன்கள் வரைந்திருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இர்யொன் துறவி தொகுத்த நூல், கி.பி. 48இல் அயுதா என்ற நாட்டில் இருந்து பதினாறு வயது இளவரசி கப்பலில் வந்து இந்த அரசரை மணந்ததாகச் சொல்கிறது. அவர் பெயர் ஹொ ஹ்வாங்-ஒக். அயுதாவை அயோத்தி என்று கொண்டு அங்கே நினைவிடமும் எழுப்பிவிட்டார்கள். இல்லை, குமரிப் பக்கத்து ஆய் நாடு, அந்த மீன் பாண்டியர் மீன் என்று நம்மவர்கள் சிலர். இரண்டு கட்சிக்கும் கையில் இருப்பது, நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு கழித்து எழுதிய கதை. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. ஆனால் கொஞ்சம் தள்ளி அரசியின் கல்லறை அருகே அலையை அடக்கக் கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்லும் செந்நிறக் கற்கள் அடுக்கியிருக்கின்றன. அதைப் பார்க்கப் பிடிக்கும்.

நடந்து போகும் தூரத்தில் தொங்சாங் சந்தை. ஞாயிற்றுக்கிழமை இங்கே கொரிய முகம் குறைவு. வியட்நாம் கடை, உஸ்பெக் ரொட்டி, நேபாள மோமோ, இலங்கைக் கடை. சுற்றியிருக்கும் நூற்றுக்கணக்கான சிறு தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் சாமான் வாங்கவும், காசு அனுப்பவும், சொந்த மொழியில் பேசவும் வருகிற நாள். 2004இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் வந்தவர்கள். இலங்கை அதில் உண்டு, இந்தியா இல்லை.

சம்பா அரிசி, மாசிக் கருவாடு, குளிரூட்டிய கறிவேப்பிலை என்று எடுத்துக்கொண்டு போனில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்.

"அண்ணை, இந்தியாவோ?"

வவுனியாவாம். என்னைவிட நாலைந்து வயது இளையவர். இரும்பு அச்சு வார்க்கும் தொழிற்சாலை. கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கடைக்காரர் கொடுத்த பால் தேநீரைக் குடித்தோம். வருவதற்குக் கொரிய மொழித் தேர்வு எழுதித் தேறியிருக்கிறார். அவர் கொரிய மொழி என்னுடையதைவிட எவ்வளவோ மேல்.

"நாலு வருசம் பத்து மாசம். அதுக்குப் பிறகு போகத்தான் வேணும். இடையில கொம்பனி சரியில்லை எண்டு விட்டுட்டு மாறவும் ஏலாது. முதலாளி ஓம் எண்டு சொல்லோணும்."

"லீவு?"

"ஞாயிறு. சில கிழமை அதுவும் இல்லை. நீங்கள்?"

இந்த வாரம் நோரேபாங், குளியல், பேஸ்பால், நெத்திலி என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். பொறாமையாக ஒரு வார்த்தை இல்லை, பேஸ்பால் டிக்கெட் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். என்னையும் அவரையும் இந்த நாடு ஒரே பெயரில் வெளிநாட்டவர் என்கிறது. விசாவின் வகை மட்டும் வேறு. எனக்கு ஊர் முழுக்கத் திறந்திருக்கும் நேரம், அவருக்கு அச்சு வார்க்கும் நேரம். பூசானில் பொழுது போவது பற்றி இத்தனை நாள் எழுதியதில் இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

சரி, ஞாயிறு கிடைத்தால் என்ன செய்வார்?

"கிரிக்கெட் தான் அண்ணை. ஆத்தங்கரையில ஒரு வெளி இருக்கு. சிங்களப் பொடியள், பாகிஸ்தான்காரர், நேபாளம், எல்லாரும் வருவினம். டென்னிஸ் போல். காலமை ஏழுக்குத் தொடங்கிறம்."

இன்று அவர்கள் தோற்றுவிட்டார்களாம், கீப்பர் சரியில்லை என்பதால் பைஸ் மட்டுமே இருபத்துச் சொச்சம். நான் கல்லூரியில் கீப்பிங் செய்ததைச் சொல்லியிருக்கக் கூடாதுதான். எழுந்தே நின்றுவிட்டார். கடைக்குள் இருந்த இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, சிங்களத்தில் ஏதோ சொல்லி, என் போன் எண்ணை வாங்கி, அங்கேயே ஒரு குழுவில் சேர்த்துவிட்டார்கள். க்ளவுஸ் அவர்களிடம் இருக்கிறதாம், இடது கையில் மட்டும் ஒரு விரல் கிழிந்திருக்குமாம். ஏழு மணிக்கு ஆட்டம் என்றால் நான் முதல் ரயிலைப் பிடிக்க வேண்டும். தோள்பட்டையை அதற்குள் சரி செய்ய வேண்டும்.